அம்மாவின் இதயம் எத்தனை கிராம்?

பட்டிமன்றங்களில் அடிக்கடி வரும் ஒரு கதை. மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். காதலி கேட்டுவிட்டாள் என்பதற்காக, பெற்ற தாயின் இதயத்தையே அறுத்து எடுத்துக்கொண்டு ஓடுகிறான் ஒரு மகன். வழியில் கல் தடுக்கி விழுகிறான். மண்ணில் உருண்ட இதயம் பதறிப்போய்க் கேட்கிறதாம்... ‘அடி பட்டுருச்சா ராசா?’

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ஆண்கள் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். பேச்சாளர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆகும்.

நல்ல கதைதான். ஆனால், கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த இதயம் பேசும்போது அந்தத் தாய் எங்கே இருக்கிறாள்? செத்துக் கிடக்கிறாள். கூட்டத்தில் ஒருத்தருக்கும் அது உறைப்பதில்லை. நடந்தது ஒரு கொலை. நாம் அதைப் பாசக் கதையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், ‘அம்மா, டிபன் என்ன?’ என்கிறோம்.

தாயின் இதயம் நம்மை விசாரிக்கும் வரைக்கும் நமக்குப் பிடித்திருக்கிறது. அதை நாம் விசாரிக்க வேண்டாமா? இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம்.

ஒரு பெண்ணின் இதயம் சுமார் 250 கிராம். கால் கிலோ தக்காளி கையில் எவ்வளவு கனக்குமோ, அவ்வளவுதான். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அந்த விஷயத்தில் அதுவும் அம்மா ஜாதிதான்.

அவள் கர்ப்பமானதும் என்ன ஆகிறது தெரியுமா? உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. நிமிஷத்துக்கு 10 முதல் 20 துடிப்பு அதிகமாகிறது. பிரசவ வலியின்போது கருப்பை ஒவ்வொரு முறை இறுகும்போதும் 300 முதல் 500 மில்லி ரத்தம் கூடுதலாக இதயத்துக்கு வந்து சேருகிறது. நாம் ‘சுகப்பிரசவம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே, அதற்குப் பின்னால் அந்தக் கால் கிலோ சதை செய்த வேலை இது.

ஆரோக்கியமான இதயம் இதையெல்லாம் தாங்கிவிடும். அப்படித்தான் இயற்கை அதைச் செய்திருக்கிறது. ஆனால், எல்லா இதயமும் ஆரோக்கியமாகவா இருக்கிறது? 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் சத்து குறைந்தால் இதயம் இன்னும் வேகமாக இறைத்தாக வேண்டும். குடம் ஓட்டையாக இருந்தால் கிணற்றடிக்கு இரண்டு நடை அதிகம் போக வேண்டியிருக்கும் இல்லையா, அந்தக் கணக்கு.

சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2016 முதல் 2019 வரை, இதய நோயுள்ள கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு பதிவேடு வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள். அவர்களில் பத்தில் ஆறு பேருக்கு இருந்தது ருமாட்டிக் இதய நோய். சின்ன வயதில் வந்த தொண்டைப்புண், காய்ச்சல், மூட்டுவலியைச் சரியாகக் கவனிக்காமல் விட்டதால் வால்வு கெட்டுப்போகிற வியாதி. இன்னொரு விவரம்தான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. பத்தில் ஏறக்குறைய நாலு பேருக்கு, தங்களுக்கு இதய நோய் இருப்பதே கர்ப்பமான பிறகுதான் தெரிந்திருக்கிறது.

இதற்கு அர்த்தம் என்ன? இருபது, இருபத்தைந்து வருஷமாக அந்தப் பெண் மூச்சு வாங்கி நடந்திருக்கிறாள். மாடிப்படியில் பாதியில் நின்றிருக்கிறாள். ‘சோம்பேறி’ என்று திட்டும் வாங்கியிருப்பாள். அதுவரை அந்த நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்க யாருக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. வயிற்றில் இன்னொரு உயிர் வந்த பிறகுதான் காரணம் கிடைத்திருக்கிறது. அவள் உயிர் மட்டும் போதுமான காரணமாக இல்லை!

சரி, பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டா? இதை உலகத்தில் பல இடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2003-ல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு ரொம்ப சுவாரஸ்யமானது. 60 முதல் 79 வயது வரையுள்ள நாலாயிரத்துச் சொச்சம் பெண்கள், நாலாயிரத்துச் சொச்சம் ஆண்கள். இதய நோய் மிகக் குறைவாக இருந்தது இரண்டு பிள்ளைகள் உள்ளவர்களிடம். அதற்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெண்களிடம் நோயின் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடியது.

‘பார்த்தீர்களா, பிரசவம் உடம்பை உருக்கிவிடுகிறது’ என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அதே ஆய்வில் ஆண்களுக்கும் கூடியது. ஒவ்வொரு கூடுதல் பிள்ளைக்கும் 12 சதவீதம்.

எந்த அப்பா பத்து மாதம் சுமந்தார்? யாருக்குப் பிரசவ வலி வந்தது? அப்புறம் ஏன் அவர் இதயத்துக்கும் கூடியது? கருப்பை மட்டும் காரணமில்லை, வீடும் காரணம் என்பதுதான் பதில். பிள்ளைகள் கூடும்போது வருகிற ஓட்டம், கவலை, கிடைத்ததைத் தின்பது, உடம்பு போடுவது... எல்லாம் சேர்ந்ததுதான். உடல் பருமன் மாதிரி சமாசாரங்களைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோது ஆண்களின் அந்தக் கூடுதல் மறைந்துவிட்டது. பெண்களுக்குக் குறைந்தது, ஆனால் முழுசாக மறையவில்லை. கழிக்க முடியாத அந்த மீதி, கருப்பையின் பங்காக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

ஆக, ஒரு தாயின் இதயத்தில் இரண்டு சுமை இருக்கிறது. ஒன்று, இயற்கை வைத்தது. அதில் யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. எவ்வளவு பாசமான புருஷனாக இருந்தாலும், ‘இந்த மாசம் நான் சுமக்கிறேன்’ என்று சொல்ல முடியாது. இன்னொன்று, வீடு வைத்தது. அதில் தாராளமாகப் பங்கு போடலாம். நாம் செய்கிற தந்திரம் என்ன தெரியுமா? முதல் சுமையைக் காட்டியே இரண்டாவது சுமையையும் அவள் தலையில் கட்டிவிடுகிறோம். ‘பெத்தவளுக்குத்தானே தெரியும்’ என்கிறோம். பெற்றது அவள்தான், வாஸ்தவம். டிபன் பாக்ஸ் கழுவுவதற்குமா கருப்பை வேண்டும்?

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. வீட்டு வேலை செய்கிற பெண் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிஷம். வீட்டு வேலை செய்கிற ஆண் 88 நிமிஷம். கவனியுங்கள், இது வேலை செய்கிற ஆண்களின் சராசரி. ஈஸிசேரில் உட்கார்ந்து ‘காபி’ என்று குரல் கொடுப்பவர்கள் இதில் சேர்த்தியே இல்லை.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர் மக்களின் இதயத்தை 1948-லிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்த ஊர்ப் பெண்களைப் பற்றி 1980-ல் ஒரு கட்டுரை வந்தது. வேலைக்குப் போவதால் மட்டும் பெண்களுக்கு இதய நோய் குறிப்பிடும்படியாகக் கூடவில்லை. ஆனால், வேலைக்கும் போய்க்கொண்டு, பிள்ளைகளும் இருந்தால், எண்ணிக்கை கூடக் கூட நோயும் கூடியது. அதிலும் குமாஸ்தா வேலை பார்த்த பெண்கள் ரொம்பப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களிடம் நோயோடு சேர்ந்து காணப்பட்ட விஷயங்கள் என்னென்ன? ஆதரவாக இல்லாத மேலதிகாரி. வெளியே காட்டாமல் விழுங்கிய கோபம்.

விழுங்கிய கோபம்! நம்மூரில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம். ‘பொறுமைசாலி’ என்போம். ‘வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, தங்கம்’ என்று சம்பந்தி வீட்டில் பெருமையடிப்போம்.

இந்த இடத்தில் இரண்டு ஆட்சேபணைகள் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதலாவது, ‘எங்க அப்பத்தா பத்துப் பெத்தா சார். தொண்ணூறு வயசு வரைக்கும் கம்பு குத்துனா. உங்க புள்ளிவிவரமெல்லாம் எந்த மூலைக்கு?’

இருக்கலாம். ஆனால், நீங்கள் பார்த்தது பிழைத்த அப்பத்தாவை. பிழைக்காத அப்பத்தாவை நீங்கள் பார்த்திருக்க முடியாதே! உங்கள் குடும்ப மரத்தைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். பழைய தலைமுறையில் ‘தாத்தாவுக்கு மூத்த தாரம் ஒருத்தங்க இருந்தாங்க’ என்று யாராவது சொல்வார்கள். அவர் எப்படி இறந்தார் என்று கேளுங்கள். பல வீடுகளில் பதில் பிரசவமாகத்தான் இருக்கும். 1951 வாக்கில் ஒரு இந்தியனின் சராசரி ஆயுளே 32 வயதுதான். அந்த மூத்த தாரங்களுக்கு போட்டோ கிடையாது. சிலருக்குப் பெயர்கூட மறந்துபோயிற்று. கம்பு குத்திய அப்பத்தாவை வைத்து அவர்களை மறைக்கக் கூடாது.

இரண்டாவது ஆட்சேபணை கொஞ்சம் கனமானது. ‘அவ விரும்பித்தானே செய்யறா? வேண்டாம்னு சொன்னாக்கூடக் கேக்க மாட்டேங்கறா. அன்புக்குப் போய்க் கணக்குப் பாக்கலாமா?’

கொடுக்கிறவள் கணக்குப் பார்க்க வேண்டாம். அது அவள் பெருந்தன்மை. வாங்கிக்கொள்கிறவன் கணக்குப் பார்க்காமல் இருப்பதற்குப் பெயர் பெருந்தன்மை இல்லை. ஒருத்தர் உங்களுக்கு விருந்து வைக்கிறார். கடன் வாங்கித்தான் வைக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். ‘ஆசையாப் போடறார், வேண்டாம்னா வருத்தப்படுவார்’ என்று இன்னொரு வடை கேட்பீர்களா? அன்பாகக் கொடுக்கிறவரிடம்தான் நாம் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏனென்றால், அவருக்கு நிறுத்தத் தெரியாது.

தியாகம் என்ற வார்த்தையை நாம் ரொம்ப சுலபமாகச் செலவழிக்கிறோம். மறுக்க வழி இருந்தும் மறுக்காமல் கொடுத்தால்தான் அது தியாகம். மறுக்கவே வழியில்லாதபோது நடப்பதற்குப் பெயர் வேறு.

மதுரைக்கு ஒரு புராணம் உண்டு. மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் பிள்ளை வரம் கேட்டு யாகம் செய்தார்கள். வந்தது பெண் குழந்தை. அரசன் வருத்தப்பட்டான். இவளை மகனைப் போல வளர்த்து முடிசூட்டு என்று அசரீரி சொல்லித்தான் மனம் ஆறினான். அந்தப் பெண்தான் மீனாட்சி. சித்திரை மாதம் பட்டாபிஷேகம் செய்து, செங்கோல் கொடுத்து, ஊரே கும்பிடுகிறோம். அந்தக் கோயிலிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் பயணத்துக்குள்தான் உசிலம்பட்டி இருக்கிறது. 1986-ல் ஒரு ஆங்கிலப் பத்திரிகை அந்த வட்டாரத்துப் பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுதி நாட்டையே உலுக்கியது. 1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. இன்று அந்த ஊர் அந்தப் பழியோடு மட்டும் வாழவில்லை, அங்கே படித்து முன்னேறிய பெண்கள் ஏராளம். ஆனால், அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது நாம் ஒரு கணக்கை விட்டுவிட்டோம். ஆண் பிள்ளைக்காக ஒரு வீடு காத்திருந்த ஒவ்வொரு முறையும், ஒரு பெண் இன்னொரு கர்ப்பம் சுமந்திருக்கிறாள். போன பிரசவத்தின் ரத்தசோகை தீருவதற்குள் அடுத்தது. உசிலம்பட்டியில் மட்டுமா? ‘ஒரு பையன் பொறந்துட்டாப் போதும்’ என்று நகரத்து அப்பார்ட்மென்டுகளில் யாரும் சொல்வதில்லையா என்ன?

வீடு மட்டுமில்லை, நாடும் அவள் வயிற்றைப் பார்த்துத்தான் பேசுகிறது. ஒரு காலத்தில் லாரி முதுகில், பஸ் முதுகில், சுவரில் சிவப்பு முக்கோணம். நாம் இருவர், நமக்கு இருவர். தமிழ்நாடு அதைச் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டது. 2019-21 கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. இப்போது காற்று திசை மாறுகிறது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, பிள்ளைகள் இன்னும் வேண்டும் என்றார். அதே மாதம் சென்னையில் 31 ஜோடிகளுக்கு நடந்த திருமண விழாவில் தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின், நாடாளுமன்றத் தொகுதிகள் குறைந்துவிடுமோ என்ற கவலையை வைத்து, பதினாறு செல்வம் என்பதைப் பதினாறு பிள்ளை என்றே எடுத்துக்கொள்ளும் நிலை வந்திருக்கிறது என்கிற மாதிரி பாதி வேடிக்கையாகப் பேசினார்.

அவர்களுடைய கவலையில் நியாயம் இருக்கலாம். அதை அரசியல் தெரிந்தவர்கள் பேசட்டும். நான் கேட்பது ஒன்றுதான். போதும் என்றபோதும், இன்னும் வேண்டும் என்றபோதும், ‘உன் உடம்பு என்னம்மா சொல்லுது?’ என்று அவளிடம் கேட்டார்களா? ‘போதும்’ என்ற காலத்து பாரத்தையும் அவள்தான் தாங்கினாள். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் சுமார் 58 சதவீதம். ஆண்கள் 0.1 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒருவர்! இரண்டில் ஆணுக்குச் செய்வதுதான் சின்ன ஆபரேஷன். மனைவிக்கு இதயம் பலவீனம் என்றால், கணவர் செய்துகொள்வது நல்லது என்று டாக்டர்களே சொல்வார்கள். அந்த ஆயிரத்தில் ஒருவரை நான் மனசாரக் கும்பிடுகிறேன். மற்ற 999 பேர் பட்டிமன்றத்தில் கண் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் என்ன செய்வது? பிள்ளையே பெறாதே என்றா சொல்கிறேன்? இல்லை. ஒன்றா, மூன்றா, ஒன்றுமே வேண்டாமா என்பதை அவள் தன் உடம்பைத் தெரிந்துகொண்டு, கணவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். முடிவு எதுவானாலும், பிறகு வருகிற பாரத்தைப் பங்கு போட ஆள் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறுவது, கை கால் வீங்குவது, சுகர் வருவது... ‘பிரசவம் ஆனதும் சரியாயிடுச்சு’ என்று மறந்துவிடுகிறோம். இதயம் மறப்பதில்லை. 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சுமார் 35 லட்சம் பெண்களின் விவரங்களைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி ‘ப்ரீஎக்லாம்ப்சியா’ வந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அமெரிக்க இதய சங்கம் 2011-லேயே இதை எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில் டாக்டரிடம் போகும்போது, இருபத்தைந்து வயதில் வந்த அந்த பிரஷரைச் சொல்ல வேண்டும். ஆனால், அந்தச் சீட்டு எங்கே? பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறோம். பெற்றவளின் பிரஷர் எழுதிய காகிதம் பழைய பேப்பரோடு எடைக்குப் போயிருக்கும்.

சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் ஹார்ட் அட்டாக் என்று நினைக்காதீர்கள். பெண்களுக்குப் பல நேரம் அப்படி வருவதில்லை. காரணமில்லாத அசதி, மூச்சு வாங்குவது, தாடை வலி, முதுகு வலி, வாந்தி வருகிற மாதிரி ஒரு உணர்வு என்று சத்தமில்லாமலும் வரும். அவள் ‘கேஸா இருக்கும்’ என்று சுக்குத் தண்ணி வைத்துக் குடித்துவிட்டு, தோசை மாவு ஆட்டப் போய்விடுவாள். ‘பசங்க ஸ்கூல் போகட்டும்’, ‘விருந்தாளிங்க கிளம்பட்டும்’ என்று தள்ளிப்போடுவாள். 2023-ல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. மாரடைப்பு மாதிரி தெரிந்தால் முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளைக் கிராமத்து சுகாதார நிலையங்கள் வரைக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால், அடுப்படியிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் உள்ள தூரம் இருக்கிறதே, அதைக் குறைக்க அரசாங்கத்தால் முடியாது. அது நம் வேலை.

இன்றைக்கு ராத்திரி, அம்மாவிடமோ மனைவியிடமோ அக்காவிடமோ மூன்று கேள்வி கேளுங்கள். கர்ப்பமாக இருந்தப்போ பிரஷர், சுகர் இருந்துச்சா? கடைசியா எப்போ பிரஷர் பார்த்தே? மாடி ஏறினா மூச்சு வாங்குதா?

‘ஒண்ணுமில்லப்பா, எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்’ என்றுதான் பதில் வரும். அதை நம்பி டி.வி. பார்க்கப் போய்விடாதீர்கள். இன்னும் ஐந்து நிமிஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். சிங்க்கில் பாத்திரம் கிடந்தால், அதைக் கழுவிக்கொண்டே கேட்டாலும் சரிதான்.